ஜப்பானில் விஸ்கித் தொழில்: தோற்றமும் வளர்ச்சியும்

1854-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் மாத்யூ பெர்ரி ஜப்பானியருக்கு அளித்த கையுறைப் பொருள்களுள் சிறியதொரு நீராவி வண்டியும், தந்திக் கருவியும், பேரரசருக்கென ஒரு பீப்பாய் விஸ்கியும் இருந்தன. நீராவி வண்டியையும் தந்தியையும் ஜப்பானியர் எத்துணை விரைவிற் கற்றுத் தேர்ந்தனர் என்பது உலகறிந்த செய்தி. 1872-இலேயே அந்நாட்டில் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டுவிட்டது. விஸ்கியைக் கற்றுக்கொள்ள மட்டும் ஏறத்தாழ எழுபது ஆண்டு பிடித்தது. பொறியைக் கண்டவுடன் பொறி செய்த மக்கள், ஒரு மதுவைக் கண்டு அதனைச் செய்ய இவ்வளவு காலம் கொண்டது ஏன் என்பது ஆராயத்தக்கது. மதுவின் நலந்தீங்கு இங்குப் பேசப்படவில்லை; ஒரு நாட்டின் தொழில் மற்றொரு நாட்டில் எவ்வாறு வேர்கொண்டது என்பதே பேசப்படுகிறது.

ஜப்பானியர் மது வடிக்கும் கலையை அறியாதவர் அல்லர். அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் சாக்கே அவர்களுக்குத் தொன்மையானது. வடித்தெடுக்கும் ஷோச்சு என்னும் மது கியூஷு தீவில் பதினாறாம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. வேறுபாடு மாச்சத்தைச் சர்க்கரையாக்கும் முறையில் இருந்தது. ஸ்காட்லாந்தியர் வாற்கோதுமையை நனைத்து முளைகட்டச் செய்து, அந்த முளையின் ஆற்றலால் மாவைச் சர்க்கரையாக்குவர். ஜப்பானியரோ அவித்த தானியத்தின்மீது கோஜி என்னும் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து அதே வேலையை முடிப்பர்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் விடலாகாது. தாக்கமினே ஜோக்கிச்சி என்னும் ஜப்பானிய வேதியியலார், கோஜியைக் கொண்டு அமெரிக்க விஸ்கியையே மலிவாகச் செய்து காட்டுவதாகக் கூறி, இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகருக்குச் சென்றார். 1891-இல் அவருடைய ஆலை தீக்கிரையாயிற்று. அம்முயற்சியும் நாளடைவிற் கைவிடப்பட்டது. பின்னர் அவர் கோஜியிலிருந்து செரிமான மருந்து கண்டும், அட்ரினலினைப் பிரித்தெடுத்தும் பெரும்புகழ் கொண்டார். எனவே ஜப்பானியர் விஸ்கியை நோக்கி எடுத்துவைத்த முதல் அறிவியல் அடி ஜப்பானிலன்று, அமெரிக்க மண்ணில் நிகழ்ந்தது எனலாம்.

தாய்நாட்டில் நிகழ்ந்தது வேறு. துறைமுகங்கள் திறக்கப்பட்டபின் வெள்ளையர் குடியிருப்புகளுக்காக விஸ்கி வந்திறங்கியது. அதன் பெயருக்கு மதிப்பு ஏற்படவே, மருந்துச் சரக்கு வணிகர் சிலர் வெற்றுச் சாராயத்தில் நிறமும் மணமும் சர்க்கரையும் கூட்டி, விஸ்கி என்ற பெயரொட்டி விற்கலாயினர். நிறம் இருந்தது, மணமும் ஒருவாறு இருந்தது, இல்லாதது காலம் ஒன்றே. வடித்தெடுத்த தெளிந்த நீர் ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கிற் கிடந்து மரத்தின் சாற்றை உண்டு நிறமும் சுவையும் பெறுவதே விஸ்கி. அக்காலத்தை எந்த மருந்துக்கடையிலும் வாங்க முடியாது. எழுபது ஆண்டுத் தாழ்ச்சிக்கும் காரணம் இதுவே. பொறியைப் பிரித்துப் பார்த்துக் கற்கலாம். விஸ்கிக் குப்பியைத் திறந்து பார்த்தால் அது செய்யப்பட்ட வழி தெரியாது.

இந்தப் போலி மதுக்களின் உலகத்திலிருந்தே தொழிலின் முதல்வர் இருவரும் தோன்றினர். ஒருவர் தோரி ஷின்ஜிரோ. 1879-இல் ஒசாகாவிற் பிறந்தவர். பதின்மூன்றாம் வயதில் மருந்து வணிகரிடம் வேலைபழகச் சேர்ந்து, கலக்கும் கலையையும் முகரும் கலையையும் அங்கே கற்றார். 1899-இல் சொந்தக் கடை திறந்து, 1907-இல் அக்கதாமா என்னும் இனிப்புத் திராட்சை மதுவை வெளியிட்டார். அக்கதாமா என்றால் செவ்வுருண்டை, அதாவது ஞாயிறு. ஜப்பானியரின் நாவுக்கு ஏற்ற இனிப்பு, பளிச்சென்ற விளம்பரம் இரண்டும் சேர்ந்து அம்மது நாடெங்கும் விற்றது.

மற்றவர் தக்கெத்சுரு மசாத்தக்கா. 1894-இல் ஹிரோஷிமா மாநிலத்துத் தக்கெஹாரா ஊரில், பல தலைமுறையாகச் சாக்கே காய்ச்சிய குடியிற் பிறந்தவர். ஒசாகா உயர் தொழிற்கல்லூரியில் மதுவாக்கத் துறையிற் பயின்று, 1916-இல் செத்சு என்னும் சாராய நிறுவனத்திற் சேர்ந்தார். அந்நிறுவனத் தலைவர் அபே கிஹேயும், தொழில்நுட்பத் தலைவர் இவாய் கீச்சிரோவும் போலிமதுவின் காலம் நெடுநாள் நில்லாது என்று உணர்ந்தவர்கள். ஆதலின் 1918-இல் அவ்விளைஞரைத் தங்கள் செலவில் ஸ்காட்லாந்துக்கு அனுப்பினர்.

கோபேயிற் கப்பலேறி, அமெரிக்கா வழியாக, அவ்வாண்டின் இறுதியில் இங்கிலாந்தை அடைந்த தக்கெத்சுரு, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றார். ஆயின் வகுப்பறையில் விஸ்கி வடிவதில்லை. அக்காலத்தில் விஸ்கியாக்கம் பற்றிய சிறந்த நூலை எழுதியிருந்த நெட்டில்டன் என்பாரை எல்கின் நகரிற் சென்று கண்டார்; அவர் கேட்ட கட்டணம் மாணவரின் பைக்கு மிஞ்சியதாக இருந்தது. பின்னர் வடிசாலைகளின் வாயிலைத் தாமே தட்டத் தொடங்கினார். 1919 ஏப்ரலில் எல்கினுக்கு அருகேயுள்ள லாங்மோர்ன் வடிசாலை அவரை ஐந்து நாள் உள்ளே விட்டது. அதே ஆண்டு போநெஸ் என்னும் ஊரில், ஈனியஸ் காஃபி என்பார் 1830-இல் உரிமை பெற்ற நெடுந்தூண் வடிகலத்தின் இயக்கத்தைக் கண்டார். 1920-இல் கேம்பல்டவுன் நகரத்து ஹேசல்பர்ன் வடிசாலையிற் சில திங்கள் தொடர்ந்து பணிபுரிந்தார். முளைகட்டும் தளம், உலர்த்தும் அடுப்பு, புளிக்கவைக்கும் தொட்டி, செப்பு வடிகலத்தின் வளைவு, வடிந்துவரும் நீரின் தலையையும் வாலையும் நீக்கி நடுப்பகுதியை மட்டும் கொள்ளும் நேரம், ஆட்களின் கூலி, வேலைநேரம் எனக் கண்டவற்றையெல்லாம் படத்தோடு இரண்டு குறிப்பேடுகளில் எழுதினார். இக்குறிப்பேடுகளே ஜப்பானிய விஸ்கியின் முதல் பாடநூல். தக்கெத்சுரு பயின்ற ஹேசல்பர்ன் ஐந்தே ஆண்டில், 1925-இல், மூடப்பட்டது. ஆசிரியரின் வீடு இடிந்தபோது பாடம் மாணவரின் ஏட்டில் இருந்தது.

அங்கே மற்றொன்றும் நிகழ்ந்தது. கிர்க்கின்டிலாக் என்னும் ஊரின் மருத்துவர் ஒருவரின் மகளான ஜெஸ்ஸி ரொபர்ட்டா கவன், வீட்டார் ரீட்டா என அழைத்த பெண், தக்கெத்சுருவை 1920 ஜனவரியிற் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். இரு குடும்பத்தாருக்கும் இதில் விருப்பமில்லை. அவருக்காகத் தாம் ஸ்காட்லாந்திலேயே தங்கிவிடுவதாகத் தக்கெத்சுரு சொன்னார் என்றும், ஜப்பானில் விஸ்கி செய்வதே உங்கள் கனவு, அங்கேயே போவோம் என்று ரீட்டா மறுத்தார் என்றும் கூறுவர். 2014-இலும் 2015-இலும் ஜப்பானிய வானொளியில் நாள்தோறும் ஒளிபரப்பான மஸ்ஸான் என்னும் தொடர்நாடகம் இவ்விருவரின் வாழ்வைத் தழுவியது. அதனைக் கண்டவர் பலரும் ஜப்பானிய விஸ்கியின் கதை இக்காதற் கதையே என்று எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முழுவதும் சரியன்று. அதன் பெரும்பகுதி, கணக்கேட்டோடு அடுப்பு நடத்திய போராட்டமாகும்.

1920 நவம்பரில் இருவரும் ஜப்பான் வந்து சேர்ந்தனர். முதல் உலகப்போரால் வந்த வணிகச் செழிப்பு அப்பொழுது மறைந்து நாட்டில் மந்தம் புகுந்திருந்தது. விற்பனைக்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கவேண்டிய தொழிலிற் பணம் போடச் செத்சுவின் பங்குதாரர் இணங்கவில்லை. குறிப்பேடுகள் இவாயின் கையில் தங்கின. தக்கெத்சுரு 1922-இல் விலகி, ஒசாகாவில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியரானார். ரீட்டா ஆங்கிலமும் பியானோவும் கற்பித்தார். ஸ்காட்லாந்து சென்று கற்றுவந்த ஒரே ஜப்பானிய விஸ்கிக் கலைஞர் கரும்பலகையின் முன் நின்ற காலம் அது.

அதே வேளையில் தோரி, தம் கொத்தோபுக்கியா நிறுவனத்தில் உண்மையான விஸ்கி செய்வதென உறுதிகொண்டு, ஸ்காட்லாந்திலிருந்து வல்லுநர் ஒருவரைத் தேடினார். தகுதியானவர் உங்கள் நாட்டிலேயே இருக்கிறாரே என்று விடை வந்தது என்பர். அயல்நாட்டு வல்லுநருக்கென ஒதுக்கிய 4,000 யென் ஆண்டுச் சம்பளத்தைக் குறைக்காமல் தக்கெத்சுருவுக்கே கொடுத்து, பத்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். அயலானுக்கு ஒரு விலை, நம்மவனுக்கு ஒரு விலை என்னும் சிறுமை தோரியிடம் இல்லை.

இடம் எது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபட்டது. ஸ்காட்லாந்தின் குளிரையும் ஈரத்தையும் நாடிய தக்கெத்சுரு வடக்கே ஹொக்கைடோ தீவை விரும்பினார். தோரியோ, ஒசாகா மக்கள் வந்து காணக்கூடிய தொலைவில் ஆலை இருக்கவேண்டும் என்றார். முடிவில் கியோத்தோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையேயுள்ள யமஸாக்கி தேர்ந்தெடுக்கப்பட்டது. கத்சுரா, உஜி, கிஸு என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடம் அது, மூடுபனி மிகுந்தது, நீர்வளத்திற் பெயர்பெற்றது. தேநீர்க் கலையின் பேராசான் சென் நோ ரிக்யூ அமைத்த தேநீர் அறை இன்றும் அவ்வூரில் உள்ளது. 1923-இல் வேலை தொடங்கி, 1924 நவம்பரில் வடிசாலை நிறைவெய்தியது. நாள்தோறும் வண்டி வண்டியாக வாற்கோதுமை உள்ளே போயிற்று. ஆண்டுகள் கடந்தும் ஒன்றும் வெளியே வரவில்லை. உள்ளே ‘உசுக்கே’ என்னும் பூதம் இருந்து தானியத்தையெல்லாம் தின்கிறது என்று அவ்வூரார் பேசிக்கொண்டனராம்! விஸ்கி என்ற சொல்லே அவர்கள் வாயில் பூதமாயிற்று.

பூதம் தின்றது தானியத்தை மட்டுமன்று, தோரியின் முதலையும் தின்றது. 1929 ஏப்ரலில் முதல் விஸ்கி ‘ஷிரோஃபுதா’, அதாவது ‘வெள்ளைச் சீட்டு’, என்னும் பெயரில் வெளிவந்தது. ஞாயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு தோரியின் பெயரை இணைத்துச் சன்தோரி என்னும் வணிகப் பெயர் அதற்கு இடப்பட்டது. பெயர் நன்று, சுவை எடுபடவில்லை. வாற்கோதுமையை உலர்த்தும்போது பீட் என்னும் கரிமண்ணை எரிப்பது ஸ்காட்லாந்து வழக்கம். அப்புகை தானியத்தில் ஏறி மதுவிலும் நிற்கும். தக்கெத்சுரு தாம் கற்றவாறே செய்தார். ஜப்பானியர் கருகல் நாற்றம் அடிக்கிறதென்று ஒதுக்கினர். மெல்லிய மணமுடைய சாக்கேயையும் மீனையும் அறிந்த நாவுக்கு அது புகை. ஸ்காட்லாந்தியருக்கோ அது தாய்மண். பணமுடை மிகவே, தோரி புகைபிடிப்போருக்கென விற்ற பற்பொடித் தொழிலை 1932-இலும், யொக்கஹாமா பீர்த் தொழிலை 1934-இலும் விற்றார். அப்பீர் ஆலையின் பொறுப்பிற்கு மாற்றப்பட்டிருந்த தக்கெத்சுரு 1934 மார்ச்சில் நிறுவனத்தை விட்டு விலகினார்.

இப்பிரிவைக் கூறுவோர் பெரும்பாலும் தக்கெத்சுருவைத் தூய கலைஞராகவும் தோரியை வெறும் வணிகராகவும் தீட்டுகின்றனர். இது நடுநிலையன்று. விளம்பரமும் பற்பொடியும் இல்லையேல் பீப்பாய்கள் உறங்கியிருக்கமாட்டா. அன்றியும், தோரி கைவிட்டது புகையைத்தான், காலத்தையன்று. யமஸாக்கியின் பீப்பாய்கள் முதிர முதிர, அவற்றைத் தம் மூக்கையே துணையாகக்கொண்டு கலந்து, 1937-இல் ஆமையோட்டு வரியுள்ள சதுரக் குப்பியில் அவர் வெளியிட்ட விஸ்கி வெற்றிபெற்றது. தமிழிலக்கணத்தார் நூலை முதல், வழி, சார்பு என வகுத்தனர். முதல்நூலோடு பொருளில் ஒத்து, வேண்டுமிடத்து விகற்பம் கூறுவது வழிநூல். மருந்துக்கடைச் சரக்கு எந்நூலும் அன்று. தக்கெத்சுரு முதல்நூலைப் பிழையின்றிப் படியெடுக்க விரும்பினார். வழிநூல் செய்யத் துணிந்தவர் தோரி. இரண்டும் வேண்டியிருந்தன.

தக்கெத்சுரு தாம் நெடுநாள் விரும்பிய ஹொக்கைடோவுக்கே சென்றார். கடலோரத்து யொய்ச்சி என்னும் ஊரிற் குளிர்ந்த காற்றும், ஆற்றுநீரும், பீட்டும், நிலக்கரியும் கிடைத்தன. ஆப்பிள் தோட்டங்களும் இருந்தன. விஸ்கி முதிரும்வரை பிழைப்பதற்காக 1934 ஜூலையில் ‘பெருஜப்பான் பழச்சாறு’ என்று பொருள்படும் பெயருடைய நிறுவனத்தைத் தொடங்கி ஆப்பிள் சாறு விற்றார். 1936-இல் வடிக்கும் உரிமை கிடைத்தபோது ஒரே ஒரு செப்பு வடிகலமே வாங்க முடிந்தது. இருமுறை வடித்தலையும் அவ்வொன்றிலேயே மாறிமாறிச் செய்தனர். 1940-இல் முதல் குப்பி வெளிவந்தது. நிறுவனத்தின் நீண்ட பெயரிலிருந்து இரண்டு எழுத்தெடுத்து அதற்கு நிக்கா எனப் பெயரிட்டனர். அடுத்த ஆண்டே ஜப்பான் பெரும்போரிற் குதித்தது. அயல்நாட்டு விஸ்கி வருவது நிற்கவே, கடற்படையினர்க்கு அளிக்கவேண்டி யொய்ச்சி ஆலை படையின் கண்காணிப்பில் இடையறாது நடந்தது. ஆலை செழித்தது, ஆனால் அவ்வாலைத் தலைவரின் மனைவியோ பகைநாட்டுப் பெண்ணாகக் கருதப்பட்டுக் காவலரின் கண்காணிப்பில் வாழ்ந்தார். அவர் ஜப்பானியக் குடியுரிமை பெற்று, ஜப்பானிய மொழி பேசி, ஊறுகாய் முதற்கொண்டு ஜப்பானிய முறையிற் சமைத்தவர். ரீட்டா 1961 ஜனவரியில் காலமானார். தக்கெத்சுரு 1979 ஆகஸ்டில் மறைந்து அவர் அருகிலேயே அடக்கமானார்.

போர் தந்த மற்றொரு விளைவு மரத்தைப் பற்றியது. வெளிநாட்டுப் பீப்பாய்கள் வாராமையால், மிசுநாரா என்னும் உள்நாட்டு ஓக் மரத்தை நாடினர். அது கோணலாக வளர்வது, ஒழுகுவது, பீப்பாய் செய்வோர் வெறுப்பது. தொடக்கத்தில் அதன் மணமும் முரடாகவே இருந்தது. ஆயின் பல்லாண்டு கழித்துப் பார்த்தபோது சந்தனத்தையும் கோயில் நறும்புகையையும் ஒத்த மணம் அதிலிருந்து எழுந்தது. இன்று உலகினர் ஜப்பானிய விஸ்கிக்கே உரியதெனப் போற்றும் மணம் இவ்வாறு பஞ்சத்திற் பிறந்தது.

போருக்குப் பிந்திய வறுமையில் போலிமது மீண்டும் தலைதூக்கியது. அக்காலச் சட்டப்படி, மூன்றாந்தர விஸ்கியில் உண்மை விஸ்கி நூற்றுக்கு 5 பங்குக்குக் குறைவாக இருந்தாற் போதும். சிறிதும் இல்லாவிடினும் குற்றமில்லை! தோரி 1946-இல் தோரிஸ் என்னும் மலிவான விஸ்கியை வெளியிட்டார். தக்கெத்சுரு அத்தகையதைச் செய்ய நெடுநாள் மறுத்தார். கடன் நெருக்கவே 1950-இல் இணங்கினார். அப்பொழுதும் சட்டம் விடுத்த எல்லையளவுக்கு உண்மை விஸ்கியைச் சேர்த்தே விற்றார்.

1950-களில் தோரிஸ் பெயரால் சிறுசிறு மதுக்கடைகள் நகரங்களில் நிறைந்தன. மாதச் சம்பளக்காரர் மாலைப்பொழுதை அங்கே கழித்தனர். அந்நிறுவனத்தின் விளம்பரப் பகுதியை இலக்கிய அன்பர் அறிந்துகொள்ள வேண்டும். 1958-இல் அக்குத்தகாவா பரிசு பெற்ற நாவலாசிரியர் கைக்கோ தக்கேஷியும், 1963-இல் நாவோக்கி பரிசு பெற்ற யமகுச்சி ஹித்தோமியும் அங்கே விளம்பர வாசகம் எழுதியவர்கள். விஸ்கியை நீர் மிகுதியாகக் கலந்து உணவோடு அருந்தும் பழக்கமும் பரவி, ஜப்பானிய உணவு மேசையில் சாக்கேயின் இடத்தை அது பகிர்ந்துகொண்டது. தோரி 1962-இல் மறைந்தார்; மறு ஆண்டு நிறுவனம் சன்தோரி எனப் பெயர் மாறியது. செத்சுவில் தக்கெத்சுருவின் மேலாளராயிருந்த இவாயும் சும்மா இருக்கவில்லை. ஹொம்போ என்னும் நிறுவனத்துக்கு அறிவுரைஞராகி, நாற்பதாண்டு தம்மிடம் இருந்த அறிக்கையைத் துணைகொண்டு 1960-இல் யமநாஷியில் ஒரு வடிசாலை அமைத்தார்.

ஸ்காட்லாந்தில் நூறு வடிசாலைகள் தத்தம் விஸ்கியை ஒன்றுக்கொன்று பண்டமாற்றாகக் கொடுத்துக் கலவை செய்வது மரபு. ஜப்பானில் அவ்வாறு இல்லை. பகை நிறுவனத்துப் பீப்பாயை எவரும் கேட்பதில்லை, கொடுப்பதுமில்லை. ஆதலின் ஒவ்வொரு நிறுவனமும் ஒரே கூரையின்கீழ்ப் பலவகை வடிகலம், பலவகை நொதி, பலவகைப் பீப்பாய் கொண்டு, பல வடிசாலைகளின் வேலையைத் தானே செய்யலாயிற்று. தக்கெத்சுரு 1969-இல் சென்டாய் அருகே மியகிக்கியோவிலும், சன்தோரி 1973-இல் மலைக்காட்டிடையே ஹக்குஷுவிலும் இரண்டாம் வடிசாலை கண்டது இந்தப் பன்மையை நாடியே. பிறரோடு கலவாமை என்னும் குறையே அவர்களின் நுண்மைக்குக் காரணமாயிற்று.

1983-இல் உச்சியைத் தொட்ட விற்பனை பிறகு சரிந்தது. வரி ஏறியது, இளைஞர் ஷோச்சுவை நாடினர், ஐரோப்பியரின் முறையீட்டால் 1989-இல் பழைய தர வரிசை நீக்கப்பட்டு ஸ்காட்லாந்து விஸ்கியின் விலை இறங்கியது. 2008-ஆம் ஆண்டளவில் நாட்டின் விஸ்கி நுகர்வு உச்சத்தில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்களவே ஆயிற்று. கருயிசாவா வடிசாலை 2000-இல் வடிப்பதை நிறுத்தியது. ஹன்யூ வடிசாலையின் நிறுவனம் 2004-இற் கைமாறியபோது, அங்கிருந்த ஏறத்தாழ 400 பீப்பாய்கள் வேண்டாப் பொருளாயின. நிறுவனரின் பேரர் அக்குத்தோ இச்சிரோ அவற்றைக் காப்பாற்றிச் சீட்டுக்கட்டுப் படம் ஒட்டிய 54 வகைக் குப்பிகளாக விற்றார். அத்தொகுதி ஒன்று 2015-இல் ஹாங்காங் ஏலத்தில் ஏறத்தாழ 38 இலட்சம் ஹாங்காங் டாலருக்குப் போயிற்று. அக்குத்தோ 2008 முதல் சிச்சிபுவில் சொந்த வடிசாலை நடத்துகிறார்.

வீட்டில் ஒருவரும் கேளாத காலத்திலேதான் வெளிநாட்டில் மதிப்பு வந்தது. 2001-இல் ஆங்கிலேய விஸ்கி இதழொன்று நடத்திய போட்டியில் யொய்ச்சியின் 10 ஆண்டு விஸ்கி முதலிடம் பெற்றது. 2008-இல் உலகின் தலைசிறந்த ஒற்றை மால்ட் என்னும் பரிசும் யொய்ச்சிக்கே கிடைத்தது. ஒருகாலத்தில் கருகல் நாற்றமென ஒதுக்கப்பட்ட அதே புகையோடு! உலகம் வாங்க வந்தபோது கிடங்குகளில் முதிர்ந்த சரக்கு இல்லை. விற்பனை சரிந்த ஆண்டுகளில் வடித்தது குறைவு. அந்த ஆண்டுகளைத் திரும்ப வாங்க இயலாது. 2018-இல் சன்தோரி ஹக்குஷு 12, ஹிபிக்கி 17 என்னும் இரண்டின் விற்பனையையும் நிறுத்திவைக்க நேர்ந்தது.

பற்றாக்குறை பழைய நோயை மீண்டும் எழுப்பிற்று. வெளிநாட்டிலிருந்து மொத்தமாகத் தருவித்த விஸ்கியை ஜப்பானிற் குப்பியிலடைத்து, ஜப்பானிய எழுத்தும் மலைப்படமும் ஒட்டி விற்றோர் பலர். அதனைத் தடுக்கும் சட்டம் இல்லை. 2021-இல் ஜப்பானிய மதுவாக்குநர் சங்கம் தன் உறுப்பினர்க்கு ஒரு வரையறை வகுத்தது. முளைகட்டிய தானியம் சேரவேண்டும். நீர் ஜப்பானிலேயே எடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். புளிக்கவைத்தலும் வடித்தலும் குப்பியிலடைத்தலும் ஜப்பானிலேயே நடைபெறவேண்டும். 700 லிட்டருக்கு மேற்படாத மரப்பீப்பாயில் அந்நாட்டிலேயே குறைந்தது மூன்றாண்டு கிடக்கவேண்டும். பழைய பெயரொட்டிகளை மாற்ற 2024 மார்ச்சு 31 வரை தவணை தரப்பட்டது. இது சங்க விதியேயன்றி அரசின் சட்டம் அன்று. நாட்டின் மதுவரிச் சட்டமோ, நூற்றுக்கு 10 பங்கு உண்மை விஸ்கி இருந்தால் எஞ்சியது வெற்றுச் சாராயமாயினும் விஸ்கி என்று விற்க இன்றும் இடந்தருகிறது. சங்கத்திற் சேராத சிறு நிறுவனங்கள் இப்பொழுது பல தோன்றியுள்ளன. அவற்றின் குப்பிகளை வாங்குவோர் பெயரொட்டியின் சிற்றெழுத்தைப் படித்தே வாங்கவேண்டியுள்ளது. யொய்ச்சியில் மட்டும் வடிகலத்தின் அடியில் ஆள் நின்று மண்வெட்டியால் நிலக்கரி வீசி எரிக்கும் வழக்கம் மாறவில்லை.